பன்னிரண்டு சிப்பம் அரிசியும் ஒரு பெஞ்சும்

வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் நாற்காலி ஒரே நாளில் உடைவதில்லை. முதலில் வெயிலில் வெளுக்கும். பிறகு, வண்டியில் ஏற்றி இறக்குகிற வேகத்தில் பின்கால் ஓரமாக மயிரிழை போல ஒரு கீறல் விழும். வாடகைக் கடைக்காரர் அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, கீறலின் இரு பக்கமும் சூடான கம்பியால் துளை போட்டு, கட்டுக்கம்பியைக் கோத்து முறுக்கி, அடுத்த விசேஷத்துக்கு அனுப்பிவைப்பார். அதன் பிறகு அந்த நாற்காலி தனக்கான ஆளுக்குக் காத்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஒரு காதுகுத்து விசேஷத்தில் அந்த ஆள் என் மதினியாக, அதாவது என் கணவரின் அக்காவாக, அமைந்துவிட்டார். பந்திக்குப் போகுமுன் கால் ஆற உட்கார்ந்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். எல்லோரும் தூக்க ஓடினார்கள் என்று எழுத ஆசைதான். பாதிப் பேர் ஓடினார்கள். மீதிப் பேர் செல்போனை எடுத்தார்கள். மதினிக்கு அடி இல்லை என்று தெரிந்ததும் நான் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தேன். ஊராட்சி ஒன்றியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எது உடைந்தாலும் ஏன் உடைந்தது என்று பார்க்காமல் இருக்க முடியாது. கட்டுக்கம்பி இருந்தது.

அன்று சாயங்காலமே அந்த வீடியோ குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. யாரோ பின்னணி இசை வேறு சேர்த்திருந்தார்கள். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்து முடித்த பிறகு கும்பிடும் கை. அதற்கும் பிறகு, "பாவம், அடி ஒன்றும் இல்லையே?" என்ற விசாரிப்பு. யாரும் இந்த வரிசையை மாற்றவில்லை. நான் கட்டுக்கம்பியைப் படம் எடுத்து, உடைந்ததற்கான காரணத்தைத் தெளிவாக எழுதிக் குழுவில் போட்டேன். ஒரே ஒருவர் பதில் போட்டார். ரோஜாப்பூவோடு, "குட் ஈவினிங்" என்று.

மதினி ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் கடை வைத்திருப்பவர். இரண்டு ஊர்ப் பெண்களின் அளவும் அவருக்கு மனப்பாடம். யாருக்கு எந்தத் தோள் சரிவு, யார் இடுப்பளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார், எல்லாம் தெரியும். ஒன்றையும் வெளியே சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை. காலையிலேயே தைத்த ரவிக்கைகளைப் பையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறிவிடுவார். எங்கள் தெருவில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, புதுத் துணிகளை வாங்கிக்கொண்டு, மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, சாயங்காலம்வரை என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போவார். அரசியல், சாம்பாரில் வெல்லம், நான் கடையில் வாங்கும் ஆயத்த ரவிக்கை என்று எதற்கும் சண்டை உண்டு. என்னை நேருக்கு நேர் பார்த்து நீ சொல்வது தப்பு என்று சொல்கிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு அவரவர் இஷ்டப்படி செய்கிறவர்கள். ஒப்பந்தக்காரர்களும் அப்படித்தான், என் கணவரும் அப்படித்தான்.

காதுகுத்துக்குப் பிறகு மதினி வருவதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, யார் வீட்டுக்கும். கல்யாணம் என்றால் மகனை அனுப்பினார். சாவு விழுந்த துஷ்டி வீடு என்றால் வாசலில் நின்று கையைப் பிடித்துவிட்டு, உட்காராமல் திரும்பினார். போனில் கூப்பிட்டால் "வாரேன், வாரேன்" என்பார். வரமாட்டார். ஒரு நாள் அவருடைய மருமகள் என் கணவரிடம் போனில் தணிந்த குரலில் சொன்னாள்.

"சித்தப்பா, அத்தை கடையில கூட ஸ்டூல்ல உக்கார மாட்டேங்காக. நின்னுக்கிட்டே துணி வெட்டுதாக. முட்டி ரெண்டும் வீங்கிக் கெடக்கு. சொன்னா எரிஞ்சு விழுதாக."

என் கணவர் நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்து அக்காவின் கையில் வளர்ந்தவர். மறுநாள் காலை காபியோடு அறிவித்தார்.

"நம்ம தோட்டத்துல ஒரு பெஞ்சு போடப் போறேன். கான்கிரீட் பெஞ்சு."

ஒரு கொய்யா மரம், ஒரு நந்தியாவட்டை, துணி காயப்போடும் கொடி, இவை சேர்ந்து இருக்கும் இடத்தை நாங்கள் தோட்டம் என்கிறோம். அங்கே நின்றால் மேற்கே மலை தெரியும், எதிர் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி மறைத்தது போக மிச்சம். அவருடைய யோசனை இது: அக்காவுக்கென்று ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போட்டால், ஏன் வாங்கினோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தோட்டத்தில் அழகுக்காகப் போட்ட பெஞ்சு என்றால் அது யாருக்காகவும் செய்ததில்லை. கான்கிரீட் என்பதால் உடைந்துவிடும் என்ற பயமும் வராது.

"ஆனா பாக்க அழகா இருக்கணும். அப்பத்தான் அவளுக்குன்னு செஞ்சதுன்னு தெரியாது" என்றார்.

அவர் வாழ்நாளில் சொன்ன நல்ல யோசனைகளில் இது ஒன்று. மற்றதை நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தென்காசி ரோட்டோரம் யானைக்கும் அன்னத்துக்கும், வாயைத் திறந்து குப்பை கேட்கும் பென்குவினுக்கும் நடுவே ஆயத்த சிமெண்டு பெஞ்சுகள் விற்கிறார்கள். மரக்கட்டை போலவே வார்த்து, பழுப்பு வர்ணம் அடித்து, வெட்டுப்பட்ட கிளையின் வளையங்கள்வரை வரைந்திருப்பார்கள். நிற்கிற மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் சிமெண்டு மரம் வைப்பதில் நமக்கு இணை கிடையாது. என் கணவர் ஒரு பெஞ்சைத் தட்டிப் பார்த்தார், விலை கேட்டார், "இதுல கால்வாசியில நானே செஞ்சிருவேன்" என்று கடைக்காரரிடமே சொன்னார். கடைக்காரர் கோபப்படவில்லை.

"தாராளமாச் செய்யுங்க சார். செஞ்சு பாத்துட்டு, பொறவு வாங்க" என்றார். அவர் பார்த்திராத ஓய்வூதியரா.

அதற்கு மேல் வீட்டில் வீடியோ ஓடத் தொடங்கியது. குறைந்த செலவில் அலங்காரப் பெஞ்சு. எங்கோ குளிர் தேசத்து மனிதர் ஒருவர் சிமெண்டைத் தயிர்சாதம் போலக் கையால் பிசைவார். வாளியில் அள்ளி அப்புவார். கம்பி கிடையாது, தண்ணீர் விட்டு ஆற்றுவது கிடையாது. அடுத்த காட்சியில் பெஞ்சு காய்ந்து, வர்ணம் பூசி, மேலே ஒரு பூனை படுத்திருக்கும்.

"பூனை வெயிட்டுக்குச் சரியா வரும்" என்றேன்.

"நீ எதையும் ஒத்துக்க மாட்டே" என்றார்.

கான்கிரீட்டோடு பணிக்காலம் முழுவதும் மல்லுக்கட்டிய ஒருத்தி அதே கூரையின் கீழ் இருக்கிறாள் என்பது அவருக்கு நினைவில் வரவே இல்லை. வ. புதுப்பட்டிப் பக்கம் நான் மேற்பார்வை பார்த்த சிறுபாலங்கள் இன்றும் நிற்கின்றன. அடியில் ஓட வேண்டிய தண்ணீர்தான் வரவில்லை. அது என் பிரிவு அல்ல.

பொருள் சேர்க்கும் படலம் தொடங்கியது. முதலில் அய்யனார் கோவில் ஆற்றுக்குப் போய் ஸ்கூட்டரில் ஒரு சாக்கு மணல் அள்ளி வருவதாகச் சொன்னார்.

"ஒரு சாக்கா இருந்தாலும் அது திருட்டு மணல்தான். வண்டியோட புடிச்சாம்னா, உக்கார பெஞ்சு ஸ்டேஷன்லயே கெடைக்கும். செய்ய வேண்டிய அவசியமே இல்ல" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வாங்கினார். எதிர் வீட்டில் மாடி எடுத்து மிஞ்சிய சிமெண்டு மூட்டை ஒன்று இலவசமாகக் கிடைத்தது. இலவசம்தான், போன மழையிலேயே கல்லாகியிருந்தது. அதை உலக்கையால் இடித்துச் சலித்தால் பழைய வீரியம் வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்த மூட்டையைக் கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு, புது மூட்டை வராமல் அடுத்த வேலை நடக்காது என்று சொல்லிவிட்டேன்.

பெஞ்சின் கால்களை வார்க்கச் சமையல் எண்ணெய் டின்கள். முதுகுச் சாய்மானத்துக்குத் தூண் தூணாக வார்க்க, ஆலையில் நூல் சுற்றும் கோன்கள். ஓய்வு பெற்ற அன்று மாலையோடும் சால்வையோடும் ஒரு சாக்குக் கோனும் ஏன் வீட்டுக்கு வந்தது என்று நான் இதுவரை கேட்கவில்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் அவருடைய நண்பர் ஒருவர் கழிவுத் துணி ஒரு கட்டுக் கொடுத்தார். அதைச் சிமெண்டுப் பாலில் முக்கிச் சாய்மானத்தின் மேல் தொங்கவிட்டால், காய்ந்த பிறகு கல்லில் செதுக்கிய திரைச்சீலை போல இருக்குமாம். உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு தலைவாழை இலையை விரித்து, அதன் மேல் கான்கிரீட்டைக் கொட்டி, இறுகியதும் திருப்பிப் போட்டால் இலையின் நரம்பு மேலே பதிந்திருக்கும். வீடியோவில் ஏதோ குளிர் தேசத்து இலை. வாழை இலை இவருடைய சொந்தக் கற்பனை.

கம்பி போடாவிட்டால் தோட்டத்துக்குப் போகும் குழாயை மூடிவிடுவேன் என்றேன். கம்பி வந்தது. அதை இலையை ஒட்டி அடியில் பரப்பி வைத்திருந்தார். பலகையைத் திருப்பிப் போடும்போது அடி மேலாகிவிடும், மேலே கிடக்கும் கம்பி அங்கே படுத்து உறங்குமே தவிரப் பாரம் தாங்காது என்று சொன்னேன். கொட்டிய கலவையை வழித்துவிட்டுக் கம்பியை உயர்த்தி வைத்தோம். வழித்தது அவர், சொன்னது நான். மிச்சமிருந்த பேண்டேஜ் துணியைப் பலகை முழுக்கச் சுற்றி, மூன்று வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் விட்டேன். தெருவில் போனவர்கள் எல்லாம் கேட்டுக்கு மேல் எட்டிப் பார்த்து, யாருக்கு விபத்து என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு போனார்கள்.

திரைச்சீலை மட்டும் என் அதிகாரத்துக்கு உட்படவில்லை. அதில் கம்பியும் இல்லை, கணக்கும் இல்லை. "அது அழகுக்கு. நீ தலையிடாதே" என்று முன்னெச்சரிக்கையாகச் சொல்லியிருந்தார்.

பலகையைக் கால்களின் மேல் ஏற்றி, சாய்மானத்தை நிறுத்தி, இளநீலம் அடித்து, ஓரமெல்லாம் தங்க வர்ணம் தீட்டினார். இனி அக்காவைக் கூப்பிட வேண்டியதுதான் என்று போனை எடுத்தவரை நான் தடுத்தேன். சோதிக்காத எதன் மேலும் நான் ஆளை ஏற்றியதில்லை. ஒரு முறை விழுந்தவர் வீட்டை விட்டே வெளியே வருவதில்லை. இந்தப் பெஞ்சும் காலை வாரிவிட்டால், அதற்குப் பிறகு அவரை எந்த வாசலுக்கும் யாராலும் அழைக்க முடியாது. பாரச் சோதனை செய்தே ஆக வேண்டும்.

மூன்று பேர் உட்காரும் பெஞ்சு. மூன்று பேருக்கும் எடையைத் தாராளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். விவரம் கிடைக்காத இடத்தில் கூட்டி எடுப்பதுதான் முறை. மதினியிடம் விவரம் கேட்கும் துணிச்சல் எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை. வந்த கூட்டுத் தொகையின் மேல் இன்னொரு கால் பங்கு. அந்தப் பாரத்தை ஒரு நாள் முழுக்க மேலே விட்டு வைத்து, பலகை தொய்கிறதா என்று நூல் கட்டிப் பார்க்க வேண்டும். கணக்குப்படி பன்னிரண்டு சிப்பம் அரிசி வந்தது, சிப்பம் ஒன்று இருபத்தைந்து கிலோ. அரிசி மண்டியில் இருக்கும் தூரத்துச் சொந்தக்காரரிடம், பிரிக்காமல் திருப்பித் தருவதாகச் சொல்லி வண்டியில் கொண்டுவந்து இறக்கினோம். பெஞ்சின் மேல் மூட்டைகள் கொய்யாக் கிளையைத் தொட்டுக்கொண்டு நின்றன.

பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் தலையைக் காட்டினார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். நல்லவர்தான், எந்தச் செய்தியும் தன்னிடம் தங்கிப் பழையதாகிவிடக் கூடாது என்ற அக்கறை மட்டும் கொஞ்சம் அதிகம்.

"என்ன மேடம், கோயிலுக்குத் துலாபாரமா?"

"இல்லம்மா, லோடு டெஸ்ட்."

"யாருக்கு?"

யாருக்கு என்பது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. பெஞ்சுக்கு என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் நந்தியாவட்டைக்குப் பின்னாலிருந்து முந்திக்கொண்டார்.

"எங்க அக்கா வந்து உக்காரப் போகுதுல்லா, அதான். பயமில்லாம உக்காரணும் பாருங்க."

"ஓ" என்றார் அந்த அம்மா. அவருடைய கண் ஒவ்வொரு மூட்டையாக ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து போன் பேசும் சத்தம் கேட்டது. "பன்னெண்டு மூட்டலு பிய்யம்!" பிய்யம் என்றால் அரிசி. பன்னெண்டு இரண்டு மொழியிலும் பன்னெண்டுதான். நான் அப்போது நூல் தொய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் தொய்யவில்லை. பெஞ்சு தேறிவிட்டது என்ற திருப்தியில் வேறு எதுவும் மனதில் ஏறவில்லை.

அரிசி மண்டிக்குத் திரும்பிப் போவதற்கு முன்பே செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டது. இங்கிருந்து அங்கே போக பஸ் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு செய்தி போய்த் திரும்பி வந்து சாப்பிட்டும் முடித்துவிடும். பல மாதங்களுக்குப் பிறகு மதினியே போன் செய்தார்.

"ஏட்டி, பன்னெண்டு சிப்பமாமே?"

"மதினி, அது வந்து..."

"நான் பன்னெண்டு சிப்பமா?"

"அய்யோ, மூணு பேருக்குச் சேத்து மதினி. அதுக்கு மேல கால் பங்கு, ஒரு சேப்டிக்கு."

"யாரு சேப்டிக்கு?"

போன் துண்டிக்கப்பட்டது. மேலே சேர்த்த கால் பங்கு உட்காருகிறவரின் நன்மைக்குத்தான் என்று எத்தனையோ கூட்டங்களில் விளக்கியிருக்கிறேன். கேட்டவர்கள் யாரும் அதில் உட்காரப் போகிறவர்கள் இல்லை. அதனால் சுலபமாகப் புரிந்துகொண்டார்கள்.

"நீயும் ஒன் டெஸ்ட்டும்" என்றார் என் கணவர்.

"நீங்களும் ஒங்க வாயும்" என்றேன்.

அதோடு வீட்டில் பேச்சு நின்றது. அவர் சாயங்காலம் தோட்டத்துக்குப் போவார். பெஞ்சைத் துணியால் துடைப்பார். உட்காராமல் திரும்பி வருவார்.

வெள்ளிக்கிழமை காலை கேட்டருகே ஆட்டோ வந்து நின்றது. மதினி இறங்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை ஊன்றி, வலியை விழுங்கி, மறு காலை ஊன்றினார். கையில் துணிப்பை. முகத்தில் சிரிப்பு இல்லை.

"வாக்கா" என்று ஓடினார் என் கணவர்.

"வந்துட்டேன்லா. எங்கலே அந்தப் பெஞ்சு?"

நேராகத் தோட்டத்துக்கு நடந்தார். பெஞ்சைச் சுற்றி ஒரு முறை வந்தார். தங்க ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"கல்யாண மண்டப மேடையில இருந்து களவாண்டுட்டு வந்தியாலே?"

"நானே செஞ்சதுக்கா."

"அது தெரியுது. இதென்ன நடுவுல, எலையா?"

"டிசைனுக்கா. வாழை எலை."

"எலையைப் போட்டு, சோத்தைப் போடாம, அது மேலயே உக்காரச் சொல்லுத. நல்ல விருந்துலே." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி இஞ்சினியரு, இதுல நீ உக்காந்து பாத்தியா?"

"இல்ல மதினி."

"இவன் உக்காந்தானா?"

"இல்ல. நீங்கதான் மொதல்ல உக்காரணும்னு..."

"எதுக்கு? நான் விழுதேனான்னு சுத்தி நின்னு பாக்கவா?"

என் கணவர் தரையைப் பார்த்தார். நான் கொய்யா மரத்தைப் பார்த்தேன். நியாயமான கேள்வி. அரிசியை ஏற்றிப் பார்க்கத் தெரிந்த எங்கள் இருவருக்கும் எங்களையே ஏற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து அவர் விழக்கூடிய இடத்தை அவருக்கென்றே காலியாக வைத்திருந்தோம்.

சுவருக்கு மேல் தலை எழும்பியது. "வாங்கக்கா, ரொம்ப நாளாச்சே! என் பச்சை ரவிக்கை..."

"சொவத்துக்கு அந்தப் பக்கம் என்ன பேச்சு? இங்க வா" என்றார் மதினி.

பக்கத்து வீட்டு அம்மா சுற்றிக்கொண்டு வந்தார்.

"இப்ப எல்லாரும் உக்காருங்க."

"எல்லாரும்னா?" என்றார் என் கணவர்.

"நீ, இவ, அந்தா அவ, நான். நாலு பேரும் ஒண்ணா உக்காரணும். ஒடைஞ்சா யாரால ஒடைஞ்சுதுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"மதினி, இது மூணு பேருக்குத்தான்..."

"கால் பங்கு சேத்தேன்னேல்லா. அதுல நீ உக்காரு."

பக்கத்து வீட்டு அம்மா ஒரு அடி பின்வாங்கினார். "நான் எதுக்கக்கா? நான் லேசான ஆளு."

"லேசா? ஒன் அளவு எங்கிட்ட இருக்கு. தெருவுக்குக் கேக்குற மாதிரி சொல்லவா?"

முதலில் போய் நின்றவர் அந்த அம்மாதான். நால்வரும் பெஞ்சுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றோம். மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை வியர்த்திருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கியதிலிருந்து கத்திக்கொண்டிருந்தவர் என் கையை விடவில்லை. அதை யாரும் பார்க்காதபடி தன் முந்தானையால் மூடிக்கொண்டார்.

"ம், உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தோம். கான்கிரீட் குளிர்ச்சியாக இருந்தது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பாதித் தொடை வெளியே தொங்க, நால்வரும் மூச்சு விடாமல் இருந்தோம். பிறகு மெல்ல ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தோம்.

பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து ஏதோ சரிந்து நொறுங்கியது.

மதினியின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. ஒருவரும் எழவில்லை. பலகை அசையவில்லை என்று என் உடம்புக்குத் தெரிந்தது.

"என்னலே அது?" என்றார் மதினி, திரும்பாமலே.

என் கணவர் கழுத்தை மட்டும் வளைத்துப் பின்னால் பார்த்தார். "திரைச்சீலைக்கா" என்றார் பரிதாபமாக. "முழுசும் போச்சு."

"யாரு சாஞ்சது?"

"எல்லாருந்தான்."

"அப்பச் சரி" என்றார் மதினி.

பக்கத்து வீட்டு அம்மாதான் முதலில் சிரித்தார். வாயை மூடிப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பு பெஞ்சு வழியாகவே எங்களுக்கு வந்தது. நால்வரும் ஒட்டி உட்கார்ந்திருந்ததால் ஒருவர் குலுங்கினால் எல்லோரும் குலுங்க வேண்டியிருந்தது. கடைசியில் மதினியும் குலுங்கினார். அவர் காலை முன்னால் நீட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலை மெதுவாகத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பையிலிருந்து பச்சை ரவிக்கை வெளியே வந்தது. ஏற்கெனவே தைத்துக் கொண்டுவந்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். சண்டை போடப் புறப்பட்டவர் வேலையையும் விடாமல் எடுத்து வந்திருக்கிறார்.

அதன் பிறகு வழக்கம்போலப் பேச்சு போனது. பக்கத்து வீட்டு அம்மா தன் சம்பந்தி வீட்டைத் திட்டினார். நான் சாம்பாரில் வெல்லம் போடுவது தவறில்லை என்றேன். பிளவக்கல் அணைப் பக்கம் வேலையாகப் போனபோது நான் சாப்பிட்ட சாம்பாரை ஆதாரமாகக் காட்டினேன்.

"அணைக்கட்டுல சாப்பிட்டதெல்லாம் சாம்பாரா? நீ சொல்றது தப்பு" என்றார் மதினி.

எவ்வளவு காலமாயிற்று அதைக் கேட்டு.

வெயில் ஏறியதும் உள்ளே போகலாம் என்று எழப் பார்த்தோம். முடியவில்லை. ஆட்டம் இருக்கக் கூடாது என்று பெஞ்சின் கால்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கியிருந்தோம். எண்ணெய் டின் உயரத்தில் மண்ணுக்குள் போனது போக மிச்சம் கொஞ்சந்தான். உட்காரும்போது நன்றாகவே இருந்தது. எழும்போதுதான் முழங்கால்கள் மார்புக்கு நேராக இருப்பது தெரிந்தது. மதினி ஒரு முறை முன்னால் சாய்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டு அம்மா இரு முறை பார்த்தார். எனக்கும் ஆகவில்லை. என் கணவர் பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி, மண்டியிட்டு, ஒரு வழியாக நின்றார். பிறகு எங்களை ஒவ்வொருவராக இழுத்தார்.

எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்ட மதினி என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, அம்புட்டுக் கணக்குப் போட்டியே. உக்காந்தவ எந்திரிக்கணும்னு ஒரு கணக்குப் போட்டியா?"

"அது விதியில இல்ல மதினி."

"விதியில இல்லையாம்." பெஞ்சின் ஓரத்தைக் காட்டினார். "இங்க ஒரு கைப்புடி வைக்கச் சொல்லு. இரும்புல. இவன்கிட்டச் சொல்லாத, மயில் வைப்பான். வார வெள்ளிக்கிழம நான் வரும்போது இருக்கணும்."

மத்தியானம் எங்களோடு சாப்பிட்டுவிட்டு, எதிர் வீட்டிலும் மூலை வீட்டிலும் புதுத் துணி வாங்கிக்கொண்டு, சாயங்காலம் பஸ் ஏறினார்.

என் கணவர் அன்றே அன்னத்தின் கழுத்து போல வளைந்த கைப்பிடி செய்யும் வீடியோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் அதைப் பார்த்து முடிப்பதற்குள் நான் கிளம்பி வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் அளவை எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்.

"எம்புட்டு வெயிட்டு தாங்கணும் மேடம்? யாரு புடிக்கப் போறாக?"

"அதெல்லாம் ஒங்களுக்கு வேண்டாம். கெட்டியாப் போடுங்க" என்றேன்.